20,000 எம்பி சுருக்கியும் எஸ்எஸ்டிக்குள் அடங்கவில்லை

பழைய லேப்டாப்பின் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்ய வேண்டும். ஆரம்பத்திலேயே 'இடம் போதாது' என்று நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பதோ 210 ஜிபிதான். விண்டோஸ் 10.

எஸ்எஸ்டி போன சனிக்கிழமை இங்கே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. "பெட்டியில் 480, திரையில் 447தானே?" என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பேசாமல் ஒரு மேக்கில் செருகிக் காட்டினார். 480 என்றே வந்தது! மேக் 1000 ஆல் வகுக்கிறது, விண்டோஸ் 1024 ஆல் வகுத்துவிட்டு அதையும் ஜிபி என்றே எழுதுகிறது. அசடு வழியத் திரும்பினேன்.

கேபிள் மாற்றியாயிற்று, இரண்டு முறை ஃபார்மட், வேறொரு குளோன் மென்பொருள், எல்லாம் ஆயிற்று. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டில் பழையது 4,76,940 எம்பி, புதியது 4,57,863. அதனால் நேற்று இரவு சி டிரைவை 20,000 எம்பி சுருக்கினேன். மீதி 4,56,940. புதியதைவிட 923 எம்பி குறைவு, ஆனாலும் அதே பிழை. சுருக்கிய காலி இடத்துக்குப் பின்னால், டிஸ்க்கின் கடைசியில், 500 எம்பி ரெக்கவரி பகுதி (விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கியது) ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இடிப்பது இன்னும் இந்த 1000, 1024 கணக்கா, இல்லை கடைசியில் இருக்கும் அந்த ரெக்கவரி பகுதியா?