அம்மாட கை எனக்கும் வருமா? முடக்குவாதம் (மூட்டு வீங்கி விரல் வளையிற வாதம்) உள்ள குடும்பத்து ஆக்கள் சொல்லுங்க

ஆரையம்பதி மகள்:
என்னைப் பொண் பார்க்க வந்திருந்தாங்க. அம்மாதான் பிளேன்டீ தட்டத்தை நீட்டினா. மாப்பிள்ளைட பெரியம்மா கப்பை எடுக்கேல்ல, அம்மாட விரலையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு என்ட விரலைப் பார்த்தா. "உங்கட தாய்க்கும் இப்பிடியா இருந்தது?" எண்டு கேட்டா. இருந்ததுதான். அம்மம்மா கடைசியில சோத்தைக் கரண்டியாலதான் திண்டவ. அம்மா ஒண்டும் பேசாமக் கையைச் சீலைத் தலைப்புக்குள்ள இழுத்துக்கொண்டா. அந்தச் சம்பந்தம் சரிவரேல்ல, அது போகட்டும். அந்தக் கை உள்ளுக்குப் போனதுதான் எனக்கு இன்னும் மனசை விட்டுப் போகுதில்ல.

தாய்க்கு வந்து பிள்ளைக்கும் வந்த ஆக்கள், வராத ஆக்கள் ரெண்டு பேரும் எழுதுங்க.

மருதமுனைத் தறிக்காரன்:
எங்கட உம்மாவும் சாச்சியும் ஒரே அச்சு இரட்டை. சின்ன வயசுல உம்மா எண்டு கூப்பிட்டுச் சாச்சிட மடியில ஏறியிரிக்கன். உம்மாக்கு நாற்பதுக்குள்ள வந்திட்டு. சுபஹுக்கு எழும்பினா விரல் மடங்காது, வெயில் ஏறினாத்தான் தறியில இருப்பா. ஒரு பெருநாளைக்கு மருதோண்டி வெச்சுக்கொண்டு இரிக்கக்குள்ள சாச்சி உம்மாட கையத் தூக்கித் தன்ட கைக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா. ஒரே கையா இரிந்தது ரெண்டாகிட்டு. அண்டைக்குச் சாச்சிதான் அழுதா, உம்மா அழல்ல.

சாச்சிக்கு இப்ப அறுபது தாண்டிட்டு, ஒண்டும் இல்ல. டொக்டர் சொன்னார், இப்பிடி ஒட்டுமொத்த மரபணுவும் ஒண்டா உள்ள இரட்டையர்ல ஒருத்தருக்கு இரிந்தா மற்றவருக்கும் வாறது நூற்றுக்கு 15 அளவுதானாம்.

படுவான்கரையான்:
தம்பி, டொக்டர் கணக்கு வேற, வீட்டுக் கணக்கு வேற. எங்கட வீட்டுல அம்மம்மா, பெரியம்மா, அக்கா. ஆம்பிளையள் ஒருத்தருக்கும் இல்ல. இது எங்கட பக்கத்துக் குடி, அதான் தாய்வழிக் குலம், அது மாதிரிப் பெண்வழியாத்தான் இறங்குது. பெரியாக்கள் குடி கேட்டுக் கலியாணம் பேசினது சும்மாவா?

கிளினிக் அக்கா:
படுவான்கரை அண்ணன், குடி தாய்வழிதான், நான் இல்லெண்டு சொல்லேல்ல. மரபணுவுக்குக் குடி தெரியாது. எங்கட வீட்டுல அப்பாவுக்கு வந்தது, பிறகு தங்கச்சிக்கு. அவ்வளவுதான் என்ட கதை.

ஆறாம் நிறப்புரியில (குரோமோசோம்) எச்எல்ஏ-டிஆர்பி1 எண்டு ஒரு மரபணு. வாதம் உள்ள கனபேருக்கு அதுல ஒரு சின்னத் துண்டு ஒரே மாதிரி இருக்குது எண்டு 1987ல கிரெகர்சன் எண்டவரும் கூட்டாளிகளும் எழுதினாங்க. அந்த மரபணு தாயிட்ட ஒண்டு, தகப்பனிட்ட ஒண்டு வரும். பொம்பிளையளுக்கு இந்த நோய் ரெண்டு மூண்டு மடங்கு கூட, அதால பெண்வழி மாதிரித் தெரியுது. நூற்றுக்கு ஒருத்தருக்குக்கூட வராத நோய் இது. தாய்க்கு இருந்தா மூண்டு மடங்கு எண்டு வைச்சாலும் நூற்றுக்கு மூண்டுதான். தங்கச்சி, இதை அந்தப் பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம்.

கேட்காட்டியும் சொல்லுறன். வீட்டுல சிகரெட் பிடிக்கிற ஆக்கள் இருந்தா நிப்பாட்டச் சொல்லுங்க. அந்த மரபணுத் துண்டும் புகையும் சேர்ந்தா அபாயம் பல மடங்கு. நோவு இல்லாம பயத்துக்கு மட்டும், இந்த வாதத்துக்குப் பார்க்கிற அன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனைக்கு ஓடாதீங்க. விடியக் கை விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல நிண்டு, ரெண்டு கையிலயும் விரல் அடி மொளி வீங்கினா மட்டும் பிந்தாமக் காட்டுங்க, ஆரம்பத்துல மருந்து தொடங்கினா எலும்பு அரிக்காமக் காப்பாத்தலாம். இந்த வாதத்துக்குக் குடுக்கிற மெதோட்ரெக்ஸேட் குளிசை கிழமைக்கு ஒருக்காத்தான். நாளாந்தம் போட்டா உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெற யோசிக்கிறவங்க முதலே டொக்டரிட்டச் சொல்லி மருந்தை மாத்தோணும். இன்னொண்டு, விரல் நுனிக் கணுவுல மட்டும் முடிச்சு முடிச்சா வந்தா அது அநேகமா வயசுத் தேய்மானம், இந்த வாதம் இல்ல.

கல்முனைக்குடி ராத்தா:
2006 கடைசியில சிக்குன்குனியா வந்தது ஞாபகமா? தெருவே நொண்டினது. கடைக்குப் போனா கடைக்காரரும் நொண்டிக்கொண்டுதான் சாமான் எடுப்பார். எல்லாருக்கும் ஆறிட்டு, என்ட தங்கச்சிக்கு மட்டும் ஆறல்ல. "ஊருக்கே வந்த நோய்தானே" எண்டு மூத்தம்மா எண்ணெய் தேய்ச்சுக்கொண்டே இரிந்தா. சிக்குன்குனியா நோவும் மாசக்கணக்கா இழுக்கும்தான், அதால ஒருத்தருக்கும் சந்தேகம் வரல்ல. பிறகு பார்த்தா முடக்குவாதம். தேய்ச்ச மூத்தம்மாட கையும் வளைஞ்ச கைதான். அத யாரும் சேர்த்துப் பார்க்கல்ல.

படுவான்கரையான்:
சரி அக்கா, தகப்பனாலயும் வரும் எண்டு வைச்சுக்குவம். ஆனா எங்கட அம்மம்மா சுருட்டுப் பிடிச்சவ. அதுவும் கணக்கா?

கிளினிக் அக்கா:
கணக்குத்தான்.

ஆரையம்பதி மகள்:
அக்கா, விரல் நுனிக் கணு எண்டு சொன்னதை வாசிச்சிட்டு அம்மாட்டக் கேட்டன். அம்மாவுக்கு மொளிதான், கிளினிக்கில உறுதியாச் சொன்னது. அம்மம்மாவுக்கு நுனியா அடியா எண்டு அம்மாவுக்கே ஞாபகம் இல்ல. அவ ஒரு டொக்டரிட்டயும் போகேல்லயாம், பரியாரிட எண்ணெயோட சரி. மாமாட்ட ஒரு கலியாண அல்பம் கிடக்கு, அதுல கை தெரியுதா எண்டு பார்க்கோணும்.