கடைசி 4 கிலோ: "பீச் ரோடு நாலு ரவுண்டு போதும்"னு சொன்னவர் பதில் சொல்லணும்

கெடிலக்கரையான் (கடலூர்), காலை 6:12

புதுச்சேரி வைத்திக்குப்பம் வாத்தியார் நேத்து ராத்திரி இங்க எழுதினதை அப்படியே வைக்கிறேன்: "கடைசி 4 கிலோ இறங்கலைன்னு புலம்புறவங்களுக்கு மனசுல உறுதி இல்ல. பீச் ரோட்டுல தினம் நாலு ரவுண்டு, 30 நாள். நான் 4 கிலோ இறக்கிட்டேன். வேற எதையும் மாத்தல."

இதைப் படிச்சதிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. போன ஆடியில நான் 89 கிலோ. இன்னிக்கு 74. உயரம் 175 செ.மீ. நம்ம ஊர் ஆளுங்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பார்க்கிற கணக்கு) 23 தாண்டினாலே அதிக எடைன்னு டாக்டருங்க சொல்றாங்க. அந்தக் கணக்குல எனக்கு 70 தான் எல்லை. 15 கிலோ இறக்கினவனுக்கா உறுதி இல்ல? பதினோரு வாரமா 74.6க்கும் 73.8க்கும் நடுவுல நிக்கிறேன். ஐப்பசி மழையிலகூட எங்க தேவனாம்பட்டினம் சில்வர் பீச் நடையை விடல.

பண்ருட்டி மண்டியில 22 வருஷமா முந்திரி எடை போடுறவன் நான். அதனால கணக்காவே கேக்கறேன். ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி. 4 கிலோவுக்கு 30,800. என் எடைக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தா சுமார் 50 கலோரி போகும். பீச் ரோடு மொத்தமே 1.2 கிலோமீட்டர். நாலு ரவுண்டு 4.8. ஒரு நாளைக்கு 240 கலோரி. 30,800ஐ 240ஆல வகுத்துப் பாருங்க, 128 நாள் வருது. 30 நாள் எங்கேர்ந்து வந்துச்சு?

வைத்திக்குப்பம் வாத்தியார் (புதுச்சேரி), காலை 6:40

பீச் ரோடு 1.2 இல்ல. 1.5. அங்கயே உங்க கணக்கு படுத்துடுச்சு.

31 வருஷம் பி.டி. வாத்தியாரா இருந்தவன்கிட்ட முந்திரி மண்டிக்காரர் தூரம் சொல்லித் தரவேண்டாம். காலையில ஏழரை மணிக்கு பீச் ரோட்டுல வண்டி விடறதுக்குள்ள நாலு ரவுண்டு முடிச்சிட்டு வீட்டுக்கு வந்து குளிக்கிறவன் நான். நடக்குறவனுக்குத் தெரியும் தூரம்.

கெடிலக்கரையான், காலை 6:51

1.2. புதுச்சேரியைப் பத்தி எங்க படிச்சாலும் 1.2ன்னுதான் போட்டிருக்கு.

வைத்திக்குப்பம் வாத்தியார், காலை 6:53

எங்க படிச்சாலுமா? 1.5ன்னு போட்டிருக்கிறதும் நிறைய இருக்கு. நீங்க ஒண்ணை மட்டும் படிச்சா நான் என்ன பண்றது?

திருப்பாப்புலியூர் தம்பி, காலை 7:20

அண்ணே, வாத்தியார் சார், 1.5ன்னே வச்சுக்கோங்க. நாலு ரவுண்டு 6 கிலோமீட்டர், 300 கலோரி. அப்பவும் 100 நாளுக்கு மேல வருது. ரெண்டு பேரும் எதுக்கு ரோட்டை அளக்குறீங்க? கடைசி 4 கிலோவுக்கு நடை மட்டும் பத்தாது, வெயிட் தூக்கணும். தசை கூடினா இன்னும் கொஞ்சம் கலோரி எரியும்.

கெடிலக்கரையான், காலை 7:24

தம்பி, 1.5ன்னு எதுக்கு வச்சுக்கணும்? இல்லாததை எதுக்கு வச்சுக்கணும்? மண்டியில 980 கிராமை ஒரு கிலோன்னு வச்சுக்கோங்கன்னா விடுவாங்களா?

முதலியார்பேட்டை செவிலி, காலை 8:05

இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நாடு முழுக்க எடுத்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. சர்க்கரை நோயில் கோவா 26.4 சதவீதம், அதற்கு அடுத்து நம் புதுச்சேரி 26.3. நாட்டின் சராசரி 11.4. நாலில் ஒருவருக்கு மேல் சர்க்கரை உள்ள ஊரில் "உறுதி இல்லை" என்று ஒருவரைத் திட்டுவது பெரிய தப்பு. அந்தப் பேச்சைக் கேட்டு மனம் உடைந்து நடையையே விட்டவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

கடலூர் அண்ணா, உங்கள் எடை நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 89 கிலோ உடம்புக்குச் செலவான அளவு 74 கிலோ உடம்புக்குச் செலவாகாது. அதே சாப்பாடு, அதே நடை, ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது. அதோடு உடம்பும் சிக்கனம் பிடிக்கும். அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டியில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது உடம்பு எரிப்பது, அவர்கள் எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது.

திருப்பாப்புலியூர் தம்பி, காலை 8:19

அக்கா, அவங்க ஏழே மாசத்துல சராசரியா 58 கிலோ இறக்கினவங்க. அண்ணன் 15 கிலோ. ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க, பயந்துடுவாரு.

கெடிலக்கரையான், காலை 8:30

நான் எதுக்குப் பயப்படுறேன்? செவிலி அம்மா சொன்னதை எழுதி வச்சுக்கிட்டேன், நன்றி. ஆனா வாத்தியார் இன்னும் பதில் சொல்லல. 1.2ஆ இல்லையா?

வைத்திக்குப்பம் வாத்தியார், காலை 8:44

1.5. மூணாவது தடவை சொல்றேன்.

சில்வர் பீச்சுல நடக்குறவங்களுக்கு எங்க பீச் ரோடு மேல எப்பவுமே ஒரு கண்ணு. உங்க ஊர்ல மணல்ல ரெண்டு எட்டு வச்சுட்டு சுண்டல் கடைகிட்ட நின்னுடுவீங்க. இங்க நிக்கவே இடம் கிடையாது, ஓட்டம் ஓட்டமா நடப்பாங்க.

கெடிலக்கரையான், காலை 8:58

மணலைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா? காஞ்ச மணல்ல கால் புதைய நடந்தா, கெட்டித் தரையைவிட ரெண்டு மடங்குக்கு மேல செலவாகும். அளந்து பார்த்து எழுதியிருக்காங்க. தேவனாம்பட்டினத்துல நான் ஒரு கிலோமீட்டர் நடக்கிறதும் நீங்க கருங்கல் பதிச்ச ரோட்டுல காத்து வாங்கிட்டுப் போறதும் ஒண்ணா?

திருப்பாப்புலியூர் தம்பி, காலை 9:02

அப்ப உங்களுக்குத்தானே அண்ணே முதல்ல இறங்கியிருக்கணும்?

கெடிலக்கரையான், காலை 9:03

நீ யார் பக்கம்?

லாஸ்பேட்டை அக்கா, காலை 10:15

வீட்டு வேலையை முடிச்சிட்டு இப்பத்தான் வர்றேன். நாலு மணி நேரமா ரோடு நீளம்தானா?

வாத்தியார் அண்ணே, "வேற எதையும் மாத்தல"ன்னு எழுதியிருக்கீங்க. உங்க வீட்டுல அண்ணியைக் கேட்டீங்களா? எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி குறைச்சா 120 கலோரி. தாளிக்கிறவங்க கையில இருக்கு அந்தக் கணக்கு. ஹெலிபேட் மைதானத்துல ரெண்டு வருஷமா நான் நடக்கறேன். எனக்குக் கடைசி 3 கிலோ இறங்கினது காலை தோசைக்கல்லுல ஊத்தற எண்ணெயைக் கரண்டியால அளக்க ஆரம்பிச்ச பிறகுதான். அதுவரைக்கும் கைக்கணக்கு. 10 கிலோ இறங்குற வரைக்கும் கைக்கணக்கு தாங்கும். கடைசியில தாங்காது.

இன்னொண்ணு. எங்களுக்கு மாசத்துல ஒரு வாரம் ஒண்ணு ஒண்ணரை கிலோ தண்ணியா ஏறும், தானா இறங்கும். அதைப் பார்த்து அழுது ரெண்டு தடவை விட்டிருக்கேன். நீங்க யாரும் அதைப் பேசமாட்டீங்க.

வைத்திக்குப்பம் வாத்தியார், காலை 10:31

என் வீட்டுச் சமையலை எதுக்கும்மா இழுக்குற? வீட்டுல ராத்திரி சோத்தை நிறுத்திட்டு ரெண்டு இட்லி குடுக்குறாங்க, அது அவங்க சௌகரியத்துக்கு. மாசி மகம் முடிஞ்சதிலேர்ந்து அப்படித்தான். அதுக்கும் என் நடைக்கும் சம்பந்தமே இல்ல. நான் நடந்தேன், இறங்கிச்சு.

லாஸ்பேட்டை அக்கா, காலை 10:33

ராத்திரி சோறு நின்னுடுச்சு. ஆனா "வேற எதையும் மாத்தல."

வைத்திக்குப்பம் வாத்தியார், காலை 10:36

நான் மாத்தல. அவங்க மாத்தினாங்க.

கெடிலக்கரையான், காலை 10:40

பார்த்தீங்களா! பார்த்தீங்களா எல்லாரும்! தட்டுல சோறு குறைஞ்சதைச் சொல்லாம ரோட்டுக்குப் பேர் வாங்கிக் குடுத்துட்டாரு. அந்த ரோடும் 1.2 தான்.

நான் ராத்திரி சோறு விட்டு ஏழு மாசம் ஆகுது. காலையில கூழு, மத்தியானம் அளந்து ஒரு கப் சோறு, மண்டியில இருந்துக்கிட்டு ஒரு முந்திரி வாயில போடறதில்ல. நூறு கிராமுக்கு 550 கலோரிக்கு மேல இருக்கற பொருளை மூட்டை மூட்டையா தொட்டுட்டு, வெறும் வாயோட வீட்டுக்கு வர்றவன்கிட்ட உறுதி இல்லைன்னு சொல்றதா? என் பொண்ணு கல்யாணம் வைகாசியில. பழைய சட்டை போட்டு நிக்கணும்னு மனசுல வச்சிருக்கேன். விட மாட்டேன். 128 நாள் ஆனாலும் விட மாட்டேன்.

முதலியார்பேட்டை செவிலி, காலை 11:10

அண்ணா, விடவேண்டாம். எடையோடு இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். முள் நகராத வாரத்திலும் நாடா இறங்கும். வாத்தியார் ஐயா, நீங்கள் முதல் எடையை எப்போது பார்த்தீர்கள், கடைசி எடையை எப்போது? ஒரே ஆளுக்கு ஒரே நாளில் காலைக்கும் ராத்திரிக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரும். சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

வைத்திக்குப்பம் வாத்தியார், காலை 11:22

தராசுல பார்த்தேன். போட்டோவே போட்டிருக்கேன். இதுக்கு மேல என்ன வேணும்?

கெடிலக்கரையான், காலை 11:25

எந்தத் தராசு?

கெடிலக்கரையான், காலை 11:26

நானே சொல்றேன். போன வருஷம் தையில, ரெண்டு ஊரும் சேர்ந்து நடந்தப்ப, "ரெண்டு நாள்ல தர்றேன்"னு என்கிட்ட வாங்கிட்டுப் போனது. வருஷம் ஒண்ணு முடிஞ்சிருச்சு. நான் அதுக்கப்புறம் புதுசு வாங்கி எடை பார்க்கறேன். உங்க போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். தராசுக்குக் கீழ கோரைப்பாய் ஓரம் தெரியுது. பாய் மேல வச்சா அந்தத் தராசு தப்பாக் காட்டும். வாங்கறப்பவே சொன்னேனா இல்லையா, தரையில வைங்கன்னு?

வைத்திக்குப்பம் வாத்தியார், காலை 11:41

ஓ, அதான் விஷயமா. தராசுக்காகத்தான் காலையிலேர்ந்து இந்த ஆட்டம். 1.2, 1.2ன்னு குதிச்சதெல்லாம் அதுக்குத்தானா! கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.

கெடிலக்கரையான், காலை 11:43

மூணு தடவை கேட்டேன். அதை விடுங்க. 4 கிலோ இறங்கினது பாய் மேல. ரோடு 1.2. ராத்திரி சோறு நின்னுடுச்சு. மூணுல எதுக்காவது பதில் இருக்கா?

திருப்பாப்புலியூர் தம்பி, மதியம் 12:05

நான் ஒண்ணு கேக்கறேன், ரெண்டு பேரும் கோச்சுக்காதீங்க. ரவுண்டுன்னா போறது மட்டுமா, போயிட்டுத் திரும்பி வர்றதும் சேர்த்தா? சேர்த்துன்னா தூரமும் கலோரியும் ரெண்டு மடங்காகும், நாள் பாதியாகும். அப்பவும் 30 நாள் வராது. ஆனா எதைச் சொல்றீங்கன்னாவது தெரியும்.

வைத்திக்குப்பம் வாத்தியார், மதியம் 12:09

1.5 தம்பி. நாலாவது தடவை.

கெடிலக்கரையான், மதியம் 12:10

1.2. ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸுக்கு ஏறி வர்றேன். மண்டியிலேர்ந்து நிலம் அளக்கிற 30 மீட்டர் டேப் எடுத்துட்டு வர்றேன். அஞ்சே காலுக்கு டூப்ளே சிலைகிட்ட நில்லுங்க. காந்தி சிலையைத் தாண்டி அந்தக் கடைசி வரைக்கும் ஒவ்வொரு அடியா அளந்து காட்டறேன்.

வைத்திக்குப்பம் வாத்தியார், மதியம் 12:18

ஞாயித்துக்கிழமை எனக்கு வில்லியனூர்ல ஒரு காதுகுத்து. அடுத்த வாரம் பார்ப்போம்.

லாஸ்பேட்டை அக்கா, மதியம் 12:30

காதுகுத்துல பந்தி உண்டுல்ல அண்ணே? சாப்பிட்டு வந்து எடை பாருங்க. தரையில வச்சு.

கெடிலக்கரையான், மதியம் 12:31

வில்லியனூர் போற வழியில தராசை எடுத்துட்டு வந்து பஸ் ஸ்டாண்டுல குடுத்துட்டுப் போங்க. நான் அங்கயே நிக்கறேன்.