ராடு வைத்த காலில் தொற்றா? திறக்காமல் ஸ்கேனில் தெரியாதா?

கால்கட்டு:
தம்பிக்கு பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, ராடு வைத்து 5 மாதம் ஆகிறது. இன்னும் வலி போகவில்லை. எலும்பு சேரவில்லை, உள்ளே தொற்று இருக்கலாம், திறந்து சதை எடுத்துப் பார்க்கணும் என்கிறார் டாக்டர். மறுபடியும் கத்தியா என்று அம்மா அழுகிறார். ஸ்கேனிலேயே கண்டுபிடிக்க முடியாதா?

சேலத்துக்காரன்:
எம்ஆர்ஐ எடுங்க ப்ரோ. அதில் தெரியாதது எதுவும் இல்லை.

எலும்பு வைத்தியன்:
ராடு இருக்கிற இடத்தில் எம்ஆர்ஐ படம் கோணிப்போகும், சுற்றிலும் கறுப்புத் திட்டு விழும். அதைக் குறைக்க வழிகள் உண்டு, முழுசாகப் போகாது. அது போக, ஆபரேஷன் ஆன எலும்பில் தொற்று இல்லாமலேயே பல மாதம் நீர்வீக்கம் தெரியும். திறந்து பார்ப்பதுதான் சரி.

நியூக்ளியர் ராஜி:
எம்ஆர்ஐயோடு ஸ்கேன் உலகம் முடிந்துவிடவில்லை சார். வெள்ளையணு ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. சுமார் 50 மில்லி ரத்தம் எடுத்து, வெள்ளையணுக்களை மட்டும் பிரித்து, டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, அதே ஆளுக்குத் திரும்பச் செலுத்துவோம். சீழ் எங்கேயோ அங்கே அவை தாமாகப் போய் நிற்கும். 4 மணி நேரம் கழித்து ஒரு படம், மறுநாள் ஒரு படம். மறுநாளும் அந்த இடம் பெருகி ஒளிர்ந்தால் தொற்று. மங்கிவிட்டால் பெரும்பாலும் இல்லை. எங்கள் வேலையில் பாதி, அந்த இரண்டாவது படத்துக்காகக் காத்திருப்பதுதான்.

சேலத்துக்காரன்:
சாதாரண எலும்பு ஸ்கேன் (bone scan) போதாதா? செலவும் கம்மி.

நியூக்ளியர் ராஜி:
எலும்பு சேர முயன்றாலும் அதில் ஒளிரும், தொற்றிலும் ஒளிரும். 5 மாதத்தில் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எலும்பு வைத்தியன்:
சரி மேடம், ஒளிர்ந்தது. என்ன கிருமி என்று உங்கள் படம் சொல்லுமா? எந்த ஆன்டிபயாட்டிக்கை நான் எழுதுவது? முறிவுத் தொற்றுக்கு 2018இல் நிபுணர்கள் வகுத்த வரையறையிலேயே ஸ்கேன் ‘சந்தேகம்’ என்ற பட்டியலில்தான் இருக்கிறது. உறுதி என்றால் சீழ், எலும்பு வரை போகும் துளை, அல்லது ஆழத்திலிருந்து எடுத்த இரண்டு மாதிரிகளிலாவது ஒரே கிருமி.

நியூக்ளியர் ராஜி:
மாதிரி எடுக்கிற அழகைத்தான் பார்க்கிறோமே. புண்ணின் மேலே பஞ்சால் ஒரு துடை, அதை லேபுக்கு அனுப்பிவிட்டு ‘கல்ச்சர் நெகட்டிவ்’, அதாவது கிருமி வளரவில்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

எலும்பு வைத்தியன்:
அது தப்புதான், நான் மறுக்கவில்லை. குறைந்தது 5 மாதிரி ஆழத்திலிருந்து எடுக்கணும், ஒவ்வொன்றுக்கும் வேறு கருவி. மேலே துடைக்கும் பஞ்சில் தோல் கிருமிதான் கிடைக்கும்.

கால்கட்டு:
சார், ‘துளை’ என்றீர்களே. தையல் போட்ட இடத்தில் மிளகு அளவு ஓட்டை ஒன்று இருக்கிறது. காலையில் கட்டைப் பிரித்தால் துணியில் மஞ்சளாகக் கறை, லேசான வாடை. ஒரு மாதமாக இப்படித்தான்.

எலும்பு வைத்தியன்:
இதை முதல் பதிவிலேயே சொல்லக் கூடாதா! அந்த ஓட்டை எலும்பு வரைக்கும் போனால் தொற்று உறுதி, அதற்கு எந்த ஸ்கேனும் வேண்டாம். உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

நியூக்ளியர் ராஜி:
இருக்கா இல்லையா என்ற கேள்விக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு தூரம் பரவியிருக்கு என்று தெரியாமல் கத்தி வைப்பீர்களா?

எலும்பு வைத்தியன்:
வைக்க மாட்டேன். சிடி ஸ்கேன் கேட்பேன். உள்ளே செத்த எலும்புத் துண்டு கிடந்தால் அதில்தான் நன்றாகத் தெரியும். இவர் விஷயத்தில் அதற்கு மேல் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். ஆன்டிபயாட்டிக் எதுவும் சாப்பிடுகிறாரா?

கால்கட்டு:
மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது, 3 வாரமாக.

எலும்பு வைத்தியன்:
போச்சு. மாத்திரை உடம்பில் இருக்கும்போது மாதிரி எடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். முடிந்தால் 2 வாரம் நிறுத்திவிட்டுத்தான் எடுப்போம். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

நியூக்ளியர் ராஜி:
அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். பேர் மறந்துபோச்சு என்று அங்கே போய் நிற்காதீர்கள்.