புதுப்பிப்பு: ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் ஒரே மாதிரி தெரிந்த கதை

எபாக்சிப் பசையால் ஒட்டிய 1.6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகளை மீயொலியில் சோதித்தால் நல்ல இடமும் கெட்ட இடமும் ஒரே மாதிரி தெரிகிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். பாதி தீர்ந்துவிட்டது.

தவறு என்னுடையதுதான். 5 மெகாஹெர்ட்ஸ் புரோப் (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் முனை) அனுப்பும் ஒலித் துடிப்பு நீளமானது. இவ்வளவு மெல்லிய தகட்டில் எதிரொலிகள் அரை மைக்ரோநொடிக்கு ஒன்றாகத் திரும்பும். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிட்டன. அப்போது நீங்கள் சொன்னபடி டிலே லைன் (புரோபுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒலியைத் தாமதப்படுத்தும் துண்டு) வைத்த 15 மெகாஹெர்ட்ஸ் புரோபுக்கு மாறினேன். இப்போது சீப்புப் பல் மாதிரி தனித்தனியாக நிற்கின்றன.

ஒட்டாத இடத்தில் பின்னால் காற்றுதான், ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்புகிறது. எதிரொலிகள் நீளமாக ஓடுகின்றன. ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு மோதலிலும் ஒலி பசைக்குள் போய் எதிரொலியின் உயரம் சுமார் 30 சதவீதம் குறைவதால் நான்கைந்து எதிரொலியிலேயே அடங்கிவிடுகிறது. முதல் எதிரொலியை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. (புரோபுக்கும் தகட்டுக்கும் நடுவே தடவும் ஜெல் சீராக இல்லாவிட்டாலும் ஏமாற்றும்.)

அப்புறம் மீதிப் பாதி. திரையில் அருமையாக இருந்த ஒரு துண்டை உளி வைத்துப் பிளந்தேன், லேசாகக் கழன்று வந்தது. பசை முழுக்க ஒரு தகட்டில். மறுதகடு கண்ணாடி போலப் பளபளப்பு. எண்ணெய்ப் பிசுக்கைச் சரியாகத் துடைக்கவில்லை என்று நினைக்கிறேன். தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலும் ஒலி கடந்துவிடும். பிடிமானம் எவ்வளவு என்று அது சொல்லாது. அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரித் துண்டைச் சேர்த்தே ஒட்டி, பிளந்து பார்க்கிறேன்.