ஆடிட்டு வந்தா வயித்து வலி: "சூடு"ன்னு விட்டது எங்க தப்பு

கோத்தகிரி அம்மா:

பக்கத்து வீட்டுப் பொண்ணு போன வாரம் வந்து, "அக்கா, பாப்பா வெயில்ல ஓடியாடிட்டு வந்தா வயிறு வலிக்குதுங்கறா, சூடா இருக்குமா?"ன்னு கேட்டா. அதுக்கப்புறம்தான் இதை எழுதியே ஆகணும்னு உக்காந்தேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

பையனுக்கு அப்ப ஒன்பது வயசு. ஃபுட்பால்னா சோறு வேண்டாம். மார்ச் மாசம் மேட்டுப்பாளையத்துல ஒரு டோர்னமென்ட். நாங்க இருக்கறது கிட்டத்தட்ட 6,000 அடியில, மேட்டுப்பாளையம் 1,000 அடி. காலையில ஸ்வெட்டரோட பஸ் ஏறின பையன், இறங்கினது அடுப்புக்குள்ள. ரெண்டு மேட்ச் ஆடினான். முகமெல்லாம் செம்பருத்தி மாதிரி செவந்து போச்சு. கிரவுண்டை விட்டு வந்ததும் ஒரு லிட்டர் பாட்டிலை மூச்சு விடாமக் குடிச்சான். அது பத்தாதுன்னு ரெண்டு கிளாஸ் கரும்பு ஜூஸ். நானே வாங்கிக் குடுத்தேன்.

பஸ் குஞ்சப்பணை தாண்டறப்ப ஆரம்பிச்சுது. முன் சீட்டுக் கம்பியில நெத்தியை அழுத்திக்கிட்டு, முட்டியை நெஞ்சு வரைக்கும் மடக்கிக்கிட்டு, தொப்புளைச் சுத்தியே கையை வெச்சுக்கிட்டான். செவந்திருந்த முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருச்சு. ஒரு அம்மா காய்கறி வாங்கின கேரி பேக்கைக் காலி பண்ணிக் குடுத்தாங்க, அதுல வாந்தி. "மலை ஏற்றம் ஒத்துக்கலை"ன்னாரு கண்டக்டர். மலையிலயே பொறந்து வளர்ந்த பையனுக்கு!

வீட்டுல மாமியார் தொப்புள்லயும் உள்ளங்கால்லயும் விளக்கெண்ணெய் வெச்சாங்க. மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போட்டாங்க, நெடியே வரலை, அப்ப கண்ணுதான்னு முடிவாச்சு. ராத்திரி பத்து மணிக்கு எந்திரிச்சு ரொம்ப நேரம் ஒண்ணுக்குப் போனான். வந்து படுத்தான், தூங்கிட்டான். காலையில இட்லி ஆறு. பேரு மிளகாய்க்குப் போச்சு.

அந்த ஒண்ணுக்கை நான் கவனிச்சிருக்கணும். கவனிக்கலை.

அப்புறம் ஒரு வருஷத்துல நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் விளையாட்டுக்குப் பின்னாடிதான். கொடல் தட்டறவங்ககிட்ட ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனோம். வெந்தயம், மோர், இளநீர், எல்லாம் ஆச்சு. ஒரு கிளினிக்குல பூச்சி மாத்திரை குடுத்தாங்க. இன்னொரு இடத்துல கேஸ் மருந்து. வலி வந்து ரெண்டு நாள் கழிச்சு, வெறும் வயித்துல ஒரு ஸ்கேன் எடுத்தோம். நார்மல். ரத்தம் நார்மல், யூரின் நார்மல். எல்லாம் நார்மல்னு வந்ததும் பேச்சு மாறிருச்சு. "ஸ்கூலுக்குப் போக மனசில்லாம நடிக்கறானோ"ன்னு ஒரு டாக்டர் அவன் முன்னாடியே கேட்டாரு. அன்னிக்கு பஸ்ஸுல அவன் என்கிட்ட பேசவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தான்.

பால் கணக்கு நோட்டோட பின்பக்கத்துல தேதி போட்டு எழுத ஆரம்பிச்சேன். என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு ஆடினான், எத்தனை மணிக்கு வலி. ஆறாவது தடவைதான் கணக்கு உதைச்சுது. அன்னிக்கு விளையாட்டே இல்லை. அண்ணன் வீட்டுக் கல்யாணம், கோத்தகிரியில நல்ல குளிரு, பையன் பட்டு வேட்டியில உக்காந்த இடத்துல உக்காந்திருந்தான். பசங்களுக்குள்ள போட்டி, கலர் சோடா நாலு பாட்டில் இறக்கிட்டான். ஒரு மணி நேரத்துல அதே வலி, அதே மாதிரி மடங்கிட்டான், வாந்தி.

நோட்டைத் திருப்பிப் பார்த்தா, ஒரு தடவை கூட ஆடும்போது வலி வந்ததில்லை. ஆடி முடிச்சு, மடக் மடக்னு குடிச்சு, முக்கால் மணி ஒரு மணி நேரத்துக்கு அப்புறம்தான்.

நோட்டை எடுத்துக்கிட்டு கோயமுத்தூர்ல ஒரு குழந்தை டாக்டரைப் பார்த்தோம். வயசான மனுஷர். முழுசாப் படிச்சாரு. படிச்சுட்டு ஒரே கேள்வி: "வலிக்கும்போதே ஸ்கேன் எடுத்தீங்களாம்மா?" இல்லைன்னேன். "அடுத்த தடவை வலி வந்தா எண்ணெய் தேய்க்காம நேரா ஸ்கேனுக்குப் போங்க. ஒண்ணுக்கு விட்டு வலி போனதுக்கு அப்புறம் போனீங்கன்னா மறுபடி நார்மல்னுதான் வரும்."

மூணு வாரத்துல வந்துது. அன்னிக்கு ஸ்கேன்ல இடது கிட்னி பலூன் மாதிரி வீங்கி இருந்துச்சு.

விஷயம் இதுதான். கிட்னியிலிருந்து மூத்திரக் குழாய் கிளம்பற இடம் அவனுக்குப் பொறவியிலயே குறுகல். டாக்டர் சொன்ன மாதிரியே சொல்றேன்: சிங்க்குல பாதி அடைப்பு இருந்தா, குழாயைக் கொஞ்சமாத் திறக்கற வரைக்கும் தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. முழுசாத் திறந்தாதான் நிரம்பும். வெயில்ல காய்ஞ்சுட்டு வந்து ஒரே மூச்சுல ஒன்றரை லிட்டர் குடிச்சா மூத்திரம் வேகமா ஊறும், இறங்க வழி இல்லாம கிட்னி வீங்கும், அதுதான் வலி. கொஞ்சம் கொஞ்சமா இறங்கினதும் வலி போயிரும். சின்னப் பசங்களுக்கு விலாவுல வலிச்சாலும் தொப்புளைத்தான் காட்டுவாங்களாம். இதுக்கு டீட்ல் கிரைசிஸ்னு பேரு, 1864-ல எழுதி வெச்ச போலந்து டாக்டர் பேருல. இவ்வளவு காலமாத் தெரிஞ்ச சமாச்சாரத்துக்கு எங்க வீட்டுல எத்தனை மிளகாய் வீணாச்சு பாருங்க.

ஐசோடோப் ஸ்கேன் எடுத்து அந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்த்துட்டு, பைலோபிளாஸ்டின்னு ஆபரேஷன். குறுகலை வெட்டி எடுத்துட்டுச் சேர்த்துத் தெச்சாங்க. உள்ள ஒரு ஸ்டென்ட் வெச்சு ஆறு வாரத்துல எடுத்தாங்க. இப்ப ஆடறான்.

ஒண்ணு மட்டும் தயவு பண்ணி. இதைப் படிச்சுட்டுப் பிள்ளைக்குத் தண்ணி குடுக்கறதை நிறுத்தாதீங்க. எங்க சொந்தத்துலயே ஒருத்தங்க அப்படிப் பண்ணிட்டாங்க.

கொடைக்கானல் அப்பா:

எங்க கதை இவ்வளவு பெரிசு இல்லீங்க. பொண்ணு பேட்மிண்டன் ஆடிட்டு வந்து வயிறு வலின்னு உருண்டா. வெயில் ஏறிருச்சுன்னு குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெய் வெச்சு, ஒரு நாள் லீவு போட்டு... ரெண்டு நாள் கழிச்சுத் தங்கச்சிக்காரி போட்டுக் குடுத்தா. மே மாசம், பின்னாடி தோட்டத்துல பிளம்ஸ். மேட்ச் முடிஞ்சதும் நேரா மரத்துக்குப் போயிருக்கா. இருபது வரைக்கும் எண்ணினதாத் தங்கச்சி சாட்சி. பாதி காய்.

உடற்கல்வி ஆசிரியர், கூடலூர் பக்கம்:

மேலே அந்த அம்மா எழுதியதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். அங்கே தண்ணீர் கூடிப்போய் வந்த வலி. என் மாணவிக்குத் தண்ணீர் குறைந்து வந்தது.

டிசம்பர் மாதம், ஊட்டியில் தடகளப் போட்டி. நாங்கள் இருட்டோடு வேன் பிடித்து நடுவட்டம் ஏறிப் போகிறோம். வழியில் ஒன்றுக்கு வந்தால் எங்கே நிறுத்துவது என்ற பயத்தில் பெண் பிள்ளைகள் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆண் ஆசிரியரிடம் அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

காலையில் புல்லெல்லாம் உறைபனி. பத்து மணிக்கு வெயில் ஊசி மாதிரி இறங்கியது. இந்த உயரத்து வெயிலில் காற்று குளிர்ந்திருப்பதால் வியர்ப்பது தெரியாது, தாகமும் எடுக்காது. பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றாமலே வார்ம் அப் செய்வார்கள். பன்னிரண்டு வயதுப் பெண், பணியர் என்ற பழங்குடிக் குடும்பம், 800 மீட்டர். மூன்றாவதாக வந்தாள். வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வயிறு வலிக்கிறது சார் என்றாள். பிறகு தொடை, இடுப்பு. நான் சூடு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்தேன், கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்று கையைப் பிடித்து மைதானத்தில் நடக்கவும் வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

முதலுதவிக் கூடாரத்தில் இருந்த சிஸ்டர் வயிற்றைத் தொடவே இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கண் மஞ்சள். "எந்த ஊர்ப் பொண்ணு, வீட்டில் யாருக்காவது சிக்கிள் செல் இருக்கிறதா?" என்றார்.

இருந்தது. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும் நோய். உடம்பில் நீர் வற்றுவது, அளவு மீறிய ஓட்டம், குளிர், உயரம், இவை ஒவ்வொன்றுமே அதைத் தூண்டும். அந்தப் பிள்ளைக்கு அன்று காலை நாலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நாலு நாள், டிரிப்ஸ், வலி மருந்து.

இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பதை முதன்முதலாகக் கண்டு எழுதியதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1952-ல். நான் இந்த மலையில் இத்தனை வருடம் விசில் ஊதிவிட்டு அந்தக் கூடாரத்தில்தான் அதைக் கேள்விப்பட்டேன். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை எல்லோருக்கும் ரத்தம் பார்த்து அட்டை கொடுக்கிறார்கள். இப்போது நான் போட்டிக்குப் பெயர் எழுதும்போதே அந்த அட்டையைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். வேன் பைக்காராவில் நிற்கும், கழிப்பறைக்கு. நேரமானாலும் நிற்கும். அந்தப் பெண் இப்போது அந்த நோய்க்கான ஹைட்ராக்ஸியூரியா மருந்து சாப்பிடுகிறாள். ஓடுவதில்லை. ஸ்கோர் எழுதுகிறாள், என் கையெழுத்தைவிட நன்றாக.

குன்னூர், ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்:

முப்பது வருஷம் வார்டுல இருந்தவ சொல்றேன். விளையாடிட்டு வந்து வயித்து வலிங்கற பிள்ளைகள்ல முக்காவாசி ஓய்வும் தண்ணியும் குடுத்தா எந்திரிச்சுப் போயிரும். ஓடும்போது ரத்தமெல்லாம் தசைக்கும் தோலுக்கும் போயிருது, குடலுக்குக் குறைஞ்சிருது. சாப்பிட்ட உடனே ஓடினா இன்னும் மோசம். அதுக்கெல்லாம் ஸ்கேன் வேண்டாம்.

ஆனா ஆம்பளைப் பசங்க அடிவயிறு வலின்னா டிரவுசரைக் கழட்டிப் பாருங்க. விரை முறுக்கிக்கிட்டாலும் அவன் வயிறுன்னுதான் சொல்லுவான், வெக்கம். கிரிக்கெட் ஆடிட்டு வந்த பதிமூணு வயசுப் பையனை, சூட்டு வலின்னு காலையிலிருந்து ஈரத்துணி போட்டுப் படுக்க வெச்சு, ராத்திரி எட்டு மணிக்குக் கொண்டு வந்தாங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள பிரிச்சு விட்டா பெரும்பாலும் காப்பாத்தலாம். அவனுக்கு ஒண்ணை எடுக்க வேண்டியதாப் போச்சு. அம்மா தலையில அடிச்சுக்கிட்டு அழுதது இன்னும் காதுல இருக்கு. 2022-ல ஊட்டியில மெடிக்கல் காலேஜ் வர்றதுக்கு முன்னாடி எதுக்கும் மலை இறங்கணும், அதுக்கே அந்த ஆறு மணி நேரத்துல பாதி போயிரும். அதனால "காலையில பார்த்துக்கலாம்" வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு. தாகம் தாகம்னு குடிக்கறான், ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்கு எந்திரிக்கறான், இளைச்சுக்கிட்டே வர்றான், கூடவே வயித்து வலி, வாந்தின்னா அன்னிக்கே சர்க்கரை பாருங்க. அதையும் வெயில்னு சொல்லி இளநீர் குடுத்துட்டு வருவாங்க.

குந்தா, ஒரு அப்பா:

கோத்தகிரி அக்கா, என் பையனுக்கும் கிட்டத்தட்ட இதேதான். ஆனா வலி ராத்திரியில வருது. ராத்திரியில ஸ்கேனுக்கு எங்க போறது? வலிக்கும்போது தண்ணி குடுக்கலாமா?

கோத்தகிரி அம்மா:

குந்தா தம்பி, எங்களுக்கும் அதே கவலைதான். டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருந்தாரு, "வலி இருக்கும்போதே கிட்னி ஸ்கேன், ஒண்ணுக்குப் போறதுக்கு முன்னாடி"ன்னு. பர்ஸ்லயே வெச்சிருந்தோம். பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில அந்தச் சீட்டைக் காட்டினதாலதான் உடனே எடுத்தாங்க, இல்லைன்னா காலையில வாங்கன்னு அனுப்பியிருப்பாங்க. நீங்களும் உங்க டாக்டர்கிட்ட அப்படி ஒண்ணு கேட்டு வாங்கி வெச்சுக்கங்க. வலிக்கும்போது நாங்க வாய்க்கு ஒண்ணும் குடுக்கலை, ஆனா அது எங்க பையனுக்குச் சொன்னது, உங்க பையனுக்கு என்னன்னு டாக்டரைக் கேளுங்க. தேதியும் நேரமும் எழுதறதை மட்டும் இன்னிக்கே ஆரம்பிங்க.

பி.டி. சார், உங்க ஸ்கூல் பொண்ணுக்கு என் அன்பைச் சொல்லுங்க.

ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் கழிச்சு நாத்தனார் பொண்ணு சீருக்குப் போயிருந்தோம். யாரும் பார்க்காதப்ப மூணு கலர் குடிச்சுட்டான். நான் ஒண்ணும் சொல்லலை. பந்தியில உக்காந்துக்கிட்டு மணியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். முக்கால் மணி ஆச்சு. ஒரு மணி ஆச்சு. ஒன்றரை மணிக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வந்தான். "அம்மா, ஆரஞ்சு தீர்ந்து போச்சாம். பன்னீர் சோடா குடிக்கட்டுமா?"