புரொஸ்டேட் ஒப்பரேஷனுக்குப் பிறகு தாம்பத்தியம்: உங்கள் அனுபவம் என்ன?

உரும்பிராயான்:

இதைப் பற்றித் தனியாகக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன். வயது அறுபது தாண்டியவன். புற்றுநோய் என்று, சலப்பைக்குக் கீழே இருக்கிற புரொஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்தார்கள். அந்தப் புற்றுநோயைக் கண்காணிக்கப் பார்க்கிற பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை இப்போது பயப்படும்படி இல்லை. சலம் கசிவதும் சில மாதங்களில் நின்றுவிட்டது. விறைப்புத்தான் இழுத்தது.

விறைப்புக்கான நரம்புகள் புரொஸ்டேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல ஓடுகின்றன. அவற்றை விட்டுவைத்துச் சுரப்பியை எடுக்கும் முறையை 1982இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் பற்றிக் வோல்ஷ் செய்து காட்டினார். எனக்கும் இரண்டு பக்கமும் காப்பாற்றினார்கள். ஆனால் அறுபடாத நரம்பும் இழுபட்டதில் மயங்கிக் கிடக்கும். அது தெளிய ஒன்றரை, இரண்டு வருடம் கூடப் பிடிக்கலாம்.

ஆட்கள் மனம் விட்டுப் போவது சில்டெனாபில் (வயாகரா) குளிசையில்தான். முதல் மாதங்களில் போட்டுப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்றதும் 'சரி, முடிஞ்சுது' என்று பெட்டியை அலுமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் குளிசை தானாக எதையும் எழுப்பாது. ஆசை வரும்போது நரம்பு விடுகிற நைட்ரிக் ஒக்சைட்டின் வேலையை நீட்டித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். நரம்பே மயக்கத்தில் கிடந்தால் எதை நீட்டுவது? எனக்கு வருடம் முடிகிற நேரத்தில் அதே குளிசை அரைகுறையாக வேலை செய்தது, பிறகு நன்றாகவே. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியோடு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போடாதீர்கள், கொழுப்பு அதைப் பிந்த வைக்கும். அதே வகைக் குளிசையான டடலாபிலுக்கு அந்தச் சாப்பாட்டுக் கரைச்சல் இல்லை. ஒன்றரை நாள் வரை நிற்கும்.

இனி விந்து வராது. அந்த நீரைச் சுரக்கிற புரொஸ்டேட்டும் அதோடு ஒட்டியிருந்த விந்துப் பைகளும் போய்விட்டன. ஆனால் உச்சம் வரும், விறைப்பே இல்லாவிட்டாலும் வரும். இதை ஒப்பரேஷனுக்கு முதல் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை! அந்த நேரம் கொஞ்சம் சலம் வரலாம், முதலே போய்விட்டு வந்தால் சரி.

நெல்லியடி ஆள்:

அண்ணை, குளிசை எல்லாருக்கும் சரிவராது என்பதையும் சேர்க்க வேண்டும். நான் நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற ஜிடிஎன் பாவிக்கிறவன். அதோடு சில்டெனாபிலோ டடலாபிலோ சேர்ந்தால் பிரஷர் உயிராபத்தாக விழும். பார்மசியில் கேட்டதும் எடுத்துத் தருகிறார்கள் என்பதற்காக வாங்கிப் போடாதீர்கள்.

எனக்கு ஒரு பக்க நரம்பையும் சேர்த்தே எடுத்தார்கள், கட்டி அவ்வளவுக்குக் கிட்ட. அதனால் ஊசி. அல்ப்ரொஸ்டடில், நரம்பை நம்பியிராத மருந்து. உறுப்பின் பக்கவாட்டில் மெல்லிய ஊசியால் நானே போடுகிறேன். கேட்கத்தான் பயம், நோவு நுளம்புக்கடி அளவுதான். முதல் ஊசியை டொக்டருக்கு முன்னால் போட்டு அளவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாலு மணித்தியாலத்துக்கு மேல் இறங்காவிட்டால் வெட்கம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வீட்டுக்காரி:

நான் இந்த ஒப்பரேஷன் செய்த ஒருவரின் மனைவி, இங்கே பெண்கள் எழுதலாம்தானே. ஒப்பரேஷன் முடிந்து வந்த பிறகு இவர் விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கினார். அறைக்குள் வேர்க்கிறதாம். மார்கழிக் குளிரிலும் வேர்த்தது! என்னைத் தொட்டால் நான் எதையோ எதிர்பார்ப்பேன் என்று பயந்திருக்கிறார். நானோ, இந்த மனிசனுக்கு என்னில் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டு சமைத்துப் போட்டேன்.

கிளினிக்கில் "வேறு ஏதும் பிரச்சினை இருக்கா ஐயா?" என்று டொக்டர் கேட்பார். இவர் "இல்லை சேர்" என்பார். திரைக்கு அந்தப் பக்கம் தெரிந்த சனம் வரிசையில் இருந்தால் எந்த ஆம்பிளை வாய் திறப்பார்? ஒரு நாள் நான் கூடப் போய்க் கேட்டேன். இவருக்கு முகம் சிவந்தது, டொக்டர் சாதாரணமாக எல்லாம் விளங்கப்படுத்தினார். அன்று இரவே விறாந்தையில் இருந்த பாயைச் சுருட்டி உள்ளே எடுத்துவிட்டேன்.

எங்களுக்கு வெக்குவம் பம்ப், அதாவது காற்றை உறிஞ்சி உறுப்புக்குள் இரத்தத்தை இழுக்கிற குழாய், சொல்லியிருக்கிறார்கள். அடியில் போடுகிற ரப்பர் வளையத்தை அரை மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாதாம். இவர் 'சைக்கிள் பம்ப்' என்று சிரிக்கிறார். பாவித்தவர்கள் இருந்தால், பழக எவ்வளவு காலம் பிடித்தது என்று எழுதுங்கோ.