கொங்கு நாட்டைப் பற்றிய பழைய பயண நூல்களையும் மாவட்டக் கையேடுகளையும் எப்படிப் படிப்பது?

கேள்வி: காங்கயம் வாசகர்

வணக்கம். காங்கயத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் நூலக வாசகர் வட்டத்தார் சேர்ந்து ஊர் வரலாறு ஒன்றைத் தொகுக்க முனைந்திருக்கிறோம். குலதெய்வக் கோயில் கதைகளும், சில பட்டயங்களின் நகல்களும், பெரியவர்கள் சொல்லும் செய்திகளும் ஓரளவு சேர்ந்துவிட்டன. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துக் காடுகளில் என்ன விளைந்தது, சந்தைக்கு எந்தத் தடத்தில் போய் வந்தார்கள், வரி எப்படி வாங்கப்பட்டது என்பவற்றை ஊர்ப் பேச்சை மட்டும் வைத்து எழுத மனம் ஒப்பவில்லை. வெளியிலிருந்து வந்து பார்த்து எழுதியவர்களின் நூல்கள் உதவும் என்று எண்ணுகிறோம். புக்கானனின் பயண நூல், நிக்கல்சனின் மாவட்டக் கையேடு என்ற பெயர்களைக் கேள்விப்பட்டதோடு சரி, கையில் எடுத்துப் படித்தவர் எங்களில் யாரும் இல்லை. எதில் தொடங்குவது, எதை எவ்வளவு நம்புவது, கொங்கு முழுமைக்கும் ஒரே நூல் உண்டா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: கோபி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

நல்ல முயற்சி, ஐயா. புக்கானனிலேயே தொடங்குங்கள். ஆனால் அவரை யார் அனுப்பினார்கள், எதற்காக அனுப்பினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

பிரான்சிஸ் புக்கானன் ஒரு மருத்துவர், தாவரவியல் அறிந்தவர். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து, அதுவரை மைசூர் ஆட்சியில் இருந்த கோவைப் பகுதி கும்பெனியின் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின்) கைக்கு வந்த மறு ஆண்டே, தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி அவரைப் புதிதாகக் கிடைத்த நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதச் சொன்னார். உணவுப் பயிர்கள், ஆடுமாடுகள், பருத்தி, மிளகு, சந்தனம், சுரங்கங்கள், கைத்தொழில்கள், குடிகளின் நிலை என்று எவற்றையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்பதும் அவருக்கு முன்கூட்டியே வகுத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டவர், மைசூரைப் பார்த்துவிட்டு அவ்வாண்டின் பிற்பகுதியில் காவேரிபுரம் கணவாய் வழியாக இறங்கி, பவானி, ஈரோடு, கரூர், தாராபுரம், கோயம்புத்தூர், பொள்ளாச்சி, ஆனைமலை ஆகிய இடங்களைச் சுற்றிப் பாலக்காட்டுக்குப் போனார். நூல் 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. நமக்கு வேண்டியது இரண்டாம் தொகுதியில் இருக்கிறது.

அது நாட்குறிப்பு வடிவில் அமைந்த நூல். இன்று எந்த ஊரில் தங்கினேன், வழியில் மண் செம்மண்ணா கரிசலா, கிணற்றில் நீர் எத்தனை அடியில் இருக்கிறது, கம்பும் சோளமும் எப்போது விதைக்கிறார்கள், வள்ளம் என்ற நில அளவுக்கு என்ன தீர்வை, இரும்பு உருக்குகிறவர்கள் உலையை எப்படி அமைக்கிறார்கள், நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பவர் யார் என்று ஊர் ஊராகக் கேட்டுக் குறித்துக்கொண்டே போகிறார். கோயில்களைப் பற்றியும் புராணங்களைப் பற்றியும் அவருக்குப் பொறுமை குறைவு. பிராமணர்கள் சொன்னதாக எதையேனும் எழுதினால் அடுத்த வரியிலேயே ஒரு குத்தல் வந்துவிடும். ஆனால் உழவைப் பற்றிப் பேசும்போது அவர் கண் வேறு. பொள்ளாச்சிக்கு வந்தபோது, சில காலத்துக்கு முன் அங்கே ஒரு பானை நிறைய அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகள் தோண்டி எடுக்கப்பட்டதைக் கேட்டு எழுதி வைத்தார். கொங்கு வழியாக நடந்த பண்டை வணிகத்தைப் பற்றிப் பேசுகிற ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் குறிப்பு அது.

நம்பகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1800 ஜூன் மாதத்தில்தான் பாளையக்காரர்கள் கோவைக் கோட்டையைப் பிடிக்க முயன்று தோற்றார்கள், பிடிபட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். தீரன் சின்னமலை 1805 வரை உயிருடன் இருந்தவர். அந்த முயற்சி நடந்து சில மாதங்களே ஆன நிலையில், கும்பெனியின் ஆளாக, மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துக்கொண்டு ஒருவர் வந்து, "உன் விளைச்சல் எவ்வளவு, உனக்கு மிஞ்சுவது எவ்வளவு?" என்று கேட்டால், குடியானவர் என்ன சொல்லியிருப்பார்? விளைச்சலைக் குறைத்தும் கஷ்டத்தைக் கூட்டியும்தான் சொல்லியிருப்பார். எனவே மண், பயிர், கருவி, தொழில்முறை ஆகியவற்றுக்கு அவரைத் தாராளமாக நம்பலாம். விளைச்சல் கணக்குக்கும், திப்பு காலத்தையும் கும்பெனிக் காலத்தையும் அவர் ஒப்பிடும் இடங்களுக்கும் கொஞ்சம் தள்ளி நின்று படிக்க வேண்டும்.

நிக்கல்சன் வேறு வகை. இங்கேயே கலெக்டர் அலுவலகப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய அதிகாரி அவர். 1898இல் ஸ்டூவர்ட் அதைத் திருத்திப் புதுப்பித்தார். 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத காலம் என்பதால், மழைக் கணக்கும் கிணறுகளும் அந்நூலில் பெரும் இடம் பிடித்திருக்கின்றன. நம் பக்கத்துப் புன்செய்த் தோட்டம் முழுக்கக் கவலை இறைப்பை, அதாவது எருது பூட்டிக் கிணற்று நீர் இறைப்பதை, நம்பியது என்பதை அவர் நன்றாகப் புரிந்துகொண்டவர். கிணற்று மேட்டிலிருந்து சரிவில் எருதுகள் இறங்க வடம் இழுபட்டுத் நீர் மொள்ளும் தோல் பறி மேலே வருவதும், அதன் தும்பி என்ற தோல் குழாய் வழியாக நீர் வாய்க்காலில் கொட்டுவதும், எருதுகள் பின்னடைந்து மறுபடி மேடேறுவதும் நம்மில் மூத்தவர்கள் கண்ணால் பார்த்தவை. அந்த உழைப்பைச் செலவும் வரவுமாக ஒரு வெள்ளைக்காரர் கணக்குப் பார்த்திருப்பதைப் படிக்கும்போது வியப்பாகத்தான் இருக்கும். இவரே பின்னாளில் விவசாயக் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டிய அறிக்கையை எழுதினார். உழவர் கடனைப் பற்றி அந்த அறிக்கையில் காட்டிய அக்கறைக்கு நம் மாவட்டத்து அனுபவமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு நடைமுறைச் செய்தி. அன்றைய மாவட்டத்தில் கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம், தாராபுரம், கரூர், ஈரோடு, பவானி, சத்தியமங்கலம், கொள்ளேகால் என்று பத்துத் தாலுகாக்கள். காங்கயத்தைத் தாராபுரம் தாலுகாவிலும், திருப்பூரைப் பல்லடத்திலும், எங்கள் கோபிசெட்டிபாளையத்தைச் சத்தியமங்கலத்திலும் தேட வேண்டும். இது தெரியாமல் "எங்கள் ஊரே இதில் இல்லை" என்று நூலை மூடி வைத்தவர்கள் உண்டு.

மறுமொழி: திருச்செங்கோடு வாசகர்

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கொங்கு என்றாலே கோயம்புத்தூர் மாவட்டம் என்று எடுத்துக்கொண்டால், காவிரிக்குக் கிழக்கே இருக்கும் நாங்கள் எங்கே போவது?

கொங்கின் எல்லையைச் சொல்லும் பழைய வெண்பா, தெற்கே வைகாவூர் எனப்படும் பழனியையும், மேற்கே வெள்ளிமலையையும், கிழக்கே குளித்தலையையும் சொல்கிறது; வடக்கெல்லை ஒரு பாடத்தில் தலைமலை, மற்றொரு பாடத்தில் பெரும்பாலை. இந்த எல்லைக்குள் இருபத்துநான்கு நாடுகள். உங்கள் காங்கய நாடும், பூந்துறை நாடும், பொங்கலூர் நாடும் நிக்கல்சனில் அடங்கிவிடும். ராசிபுர நாட்டையும், வாழவந்தி நாட்டையும், பூவாணிய நாட்டையும் தேட வேண்டுமானால் லெ ஃபானு 1883இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டுக்கு வர வேண்டும். பழனிப் பக்கத்துக்கு நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டு நூல். கரூர் 1910இல் திருச்சி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டதால், அதற்கு முன் எழுதியவை கோயம்புத்தூர்க் கையேட்டிலும் பின் வந்தவை திருச்சிப் பதிவுகளிலும் கிடக்கின்றன. கொள்ளேகாலோ 1956இல் மைசூர் மாநிலத்துக்கே போய்விட்டது. ஆகவே கொங்கு முழுமைக்கும் ஒரே நூல் என்று ஆங்கிலேயர் எழுதியவற்றுள் கிடையாது. அவர்கள் மாவட்டத்தைத்தான் எழுதினார்கள், நாட்டை எழுதவில்லை.

நாட்டை நாடாகவே எழுதியவர்கள் நம் புலவர்கள். விசயமங்கலத்துக் கார்மேகக் கவிஞர் பாடிய கொங்கு மண்டல சதகம், ஊர்களையும் கொடையாளிகளையும் புலவர்களையும் செய்யுளுக்கு ஒரு செய்தியாகச் சொல்லிக்கொண்டு போகிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் விசயமங்கலத்தவர், நன்னூல் செய்த பவணந்தியார் சனகாபுரத்தவர், சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் நிரம்பையர் என்பனவெல்லாம் அதில் உள்ளவை. வாலசுந்தரக் கவிராயர் பாடிய சதகமும் உண்டு. எங்கள் ஊர் தி. அ. முத்துசாமிக் கோனார் கார்மேகக் கவிஞரின் சதகத்தைத் தேடிப் பதிப்பித்து விளக்கம் எழுதிய பிறகுதான் அது பலர் கைக்குப் போயிற்று. விளைச்சலும் தீர்வையும் அதில் கிடைக்காது. ஓர் ஊரார் எதைத் தங்கள் பெருமையாக நினைத்தார்கள் என்பது கிடைக்கும். ஊர் வரலாற்றுக்கு அதுவும் வேண்டும் அல்லவா?

சேலம் கையேட்டைப் பற்றி ஒரு சொல். 1871 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19.7 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் ஏறக்குறைய 16 லட்சமாகக் குறைந்தது. அந்தக் கணக்கெடுப்பு முடிந்து இரண்டே ஆண்டில் வெளிவந்த நூல் அது. பஞ்சத்தை நேரில் கண்டவர்களிடையே இருந்து எழுதப்பட்டது என்ற நினைவோடு படித்தால், வெறும் அட்டவணையாகத் தெரிகிற பக்கமும் கனமாகிவிடும்.

மறுமொழி: சத்தியமங்கலம், ஆய்வு மாணவி

இரண்டு ஐயாக்களும் விட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்த நூல்களில் சாதிகளைப் பற்றிய பகுதிகளை அப்படியே எடுத்து ஊர் வரலாற்றில் சேர்த்துவிடாதீர்கள். புக்கானன் விசாரித்தது பெரும்பாலும் கணக்கப்பிள்ளைகளையும் ஊர்த் தலைவர்களையும். கையேடு எழுதியவர்களுக்குத் தகவல் வந்தது தாசில்தார் கச்சேரி வழியாக. பண்ணையத்தில் கட்டுண்டு வேலை செய்த மாதாரிகளைப் (அருந்ததியரைப்) பற்றி அவற்றில் செய்தி உண்டு. ஆனால் அவர்கள் சொன்ன செய்தி அன்று. பெண்களின் நிலையும் இதுவே.

மெக்கன்சி சேர்த்த சுவடிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கும்பெனியின் நில அளவை அதிகாரியான கர்னல் காலின் மெக்கன்சியும், அவருக்குத் துணையாக இருந்த காவலி போரய்யா, லட்சுமய்யா சகோதரர்களும் ஊர் ஊராக ஆள் அனுப்பி வாங்கிய கைபீதுகள் எனப்படும் வரலாற்றுக் குறிப்புகளிலும் வம்சாவளிகளிலும் கொங்குப் பாளையப்பட்டுகள் பல உள்ளன. ஆனால் தங்கள் பாளையத்தின் எதிர்காலம் கும்பெனியின் கையில் இருந்தபோது அந்தக் குடும்பங்கள் எழுதிக் கொடுத்தவை அவை. எந்த அரசர் எந்த விருதைக் கொடுத்தார் என்ற வரிகள் ஏன் அவ்வளவு நீளம் என்பது அப்போது விளங்கும்.

இவற்றுக்கு மாற்றாகப் பிரெண்டா பெக்கைப் படியுங்கள். 1960களின் நடுவில் காங்கயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்து, கொங்குக் குடியானவர் சமூகத்தைப் பற்றி 1972இல் நூல் எழுதியவர். எந்தத் தெருவில் யார், யார் வீட்டில் யார் கை நனைப்பார்கள், சாதிகளை இரு அணிகளாக வைத்த வலங்கை இடங்கைப் பிரிவு அன்றாட வாழ்வில் எப்படி வேலை செய்தது என்பதையெல்லாம் ஊருக்குள் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார். கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையைப் பாடகர் வாய்மொழியாகப் பதிவு செய்தவரும் அவரே. உங்கள் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் ஓர் ஆய்வு இருப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஓலப்பாளையம் எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனால் அந்த நூலைப் பற்றி இப்போதுதான் அறிகிறோம். இரண்டு ஐயங்கள். எங்கள் வட்டத்தில் ஆங்கிலம் சரளமாகப் படிக்கிறவர்கள் குறைவு. மொத்த நூலையும் படிக்காமல் எங்கள் பகுதிக்கு வேண்டியதை மட்டும் எடுப்பது எப்படி? பழைய அளவுகளை இன்றைய ஏக்கருக்கும் ரூபாய்க்கும் மாற்றி எழுதலாமா?

மறுமொழி: கோபி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

தங்கை சொன்ன எச்சரிக்கை மிகச் சரியானது; நானே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

புக்கானனில் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ஊர்ப் பெயரைத் தம் காதில் விழுந்தபடி எழுதுகிறவர் அவர். ஆனைமலை அவர் கையில் 'அனிமலயா' ஆகிவிடும். எனவே கணினியில் சொல்லிட்டுத் தேடுவதைவிட, தேதியையும் வழித்தடத்தையும் பிடித்துக்கொண்டு, ஈரோட்டுக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட நாட்குறிப்புகளை மட்டும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் குறிப்பெடுப்பது எளிது. இணைய ஆவணக் காப்பகத்தில் முதல் பதிப்பின் பக்கங்கள் படமாகவே கிடைக்கின்றன. நிக்கல்சனில் தாராபுரம் தாலுகாவைப் பற்றிய பகுதியை முதலில் எடுங்கள். அதன் பிறகு உழவு, நீர்ப்பாசனம் பற்றிய இயல்களில் மேய்ச்சல் காடும் கிளுவை வேலியும் வரும் இடங்களைப் பாருங்கள். கொழுக்கட்டைப் புல் விளையும் கொறங்காட்டை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தை, விட்டுவிட்டுக் காங்கயம் மாட்டைப் பற்றி எழுத முடியாது.

அளவுகளை மாற்றலாம், ஆனால் மூல அளவையும் பக்கத்திலேயே வைத்திருங்கள். வள்ளம் என்பது நிலத்துக்கும் உண்டு, தானியத்துக்கும் உண்டு. நில வள்ளம் ஏறக்குறைய நான்கு ஏக்கர் என்று நம் பக்கத்தில் கொள்வது வழக்கம் என்றாலும், அது ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும். பணத்தை இன்றைய ரூபாய்க்கு மாற்றாமல் விடுவதே நல்லது. அன்று அந்தப் பணத்துக்கு எத்தனை வள்ளம் கம்பு கிடைத்தது என்று அதே நூலில் இருந்தால் அதை எழுதுங்கள். படிப்பவருக்கு அதுவே போதும்.

இவற்றோடு உங்கள் கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள 'ஏ' பதிவேடு என்ற நிலப் பதிவேட்டையும், பழைய செட்டில்மெண்ட் பதிவேடு எங்கேனும் பிழைத்திருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கிடைக்காதவற்றுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். கோயம்புத்தூர் மாவட்டப் பழைய பதிவுகள் அங்கே இருக்கின்றன. போகும்போது தாலுகாவின் பழைய பெயரையும் கிராமத்தின் பழைய எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பவருக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம்.